அவியல்: ஒரு மலையாள ராக் தொகுப்பும் எல்லைத் தமிழர் காதும்

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் தொலைபேசியில் கேட்டபோது, "ஐயா, இந்த வருஷமும் சிலப்பதிகாரத்தில் சேரநாடு தானே?" என்று சிரித்தார். அவர் சிரித்ததில் தப்பில்லை. கடந்த மலர்களைப் புரட்டிப் பார்த்தால் அடியேன் பெயருக்கு நேராக இளங்கோவடிகளும் பதிற்றுப்பத்தும் மாறிமாறி வருவதைக் காணலாம். இம்முறை வேறொன்று எழுதுகிறேன் என்றேன். ராக் இசைத்தட்டு ஒன்றைப் பற்றி என்றதும் எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

முப்பதாண்டுகள் தமிழாசிரியராக இருந்தவனுக்கு கிட்டார் கச்சேரியில் என்ன வேலை என்று வாசக அன்பர்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். நான் சொல்லப்போவது இதுதான்: கேரளத்தில் இளைஞர் சிலர் கூடி வெளியிட்ட முதல் தொகுப்பு ஒன்று பெரும் வெற்றி கண்டது. அதன் சிறந்த பாட்டு, பாலக்காட்டுக் கணவாய்க்குப் பக்கத்து மலையிலிருந்து புறப்பட்டு, தெற்கே சுற்றி, நூறு வருஷத்துக்கு மேல் கழித்து நம் பிள்ளைகள் காதுக்கே திரும்பி வந்திருக்கிறது. வந்தபோது அது நம்முடையது என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

கேட்ட கதை

2009 என்று நினைவு. கொழிஞ்சாம்பாறையிலிருந்து நானும் அம்மாவும் மூணாற்றுக்குப் புறப்பட்டோம். அக்காவை அங்கே எஸ்டேட் குடும்பத்தில் கொடுத்திருக்கிறோம். அம்மா பிறந்ததும் அந்த மலையில்தான். கல்யாணமாகி சமவெளிக்கு இறங்கியவள். அக்கா மகன் ஜீப் கொண்டுவந்திருந்தான். பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழி. சின்னாறு சோதனைச் சாவடி தாண்டியதும் ஒரு குறுந்தகட்டைப் போட்டான். முதலில் கேட்டது கல் உடைக்கிற ஆலைச் சத்தம் போலத்தான் இருந்தது. அம்மா பின்சீட்டில் கண்ணை மூடிக்கொண்டாள்.

நாலைந்து பாட்டு போயிற்று. திடீரென்று, "மாமா, இது தமிழா மலையாளமா, சொல்லுங்க பார்ப்போம்" என்றான் பையன். உற்றுக் கேட்டேன். அருள் என்று ஒரு சொல் வந்தது. கூத்து என்று ஒரு சொல். நடுநடுவே பாம்பை ஆடச் சொல்லும் பல்லவி. "தமிழ்தான்டா. பாம்பாட்டிச் சித்தர்" என்றேன், வாத்தியார்த்தனமாக. "தப்பு மாமா. மலையாளம். நாராயண குரு எழுதினது" என்று சிரித்தான். நான் விடவில்லை. மறையூர்ச் சந்தனக் காடு வரும்வரை வாக்குவாதம். இருவர் சொன்னதிலும் பாதி சரி என்பது பிற்பாடு ஏடுகளை எடுத்து வைத்துப் பார்த்தபோது தெரிந்தது.

அந்தக் குறுந்தகட்டின் பெயர் 'அவியல்'. குழுவின் பெயரும் அதுவே. திருவனந்தபுரத்துப் பையன்கள். டோனி ஜான் பாட்டும் சுழல்தட்டும். ரெக்ஸ் விஜயன் கிட்டார். மிதுன் புத்தன்வீட்டில் டிரம்ஸ். தொகுப்பில் பாஸ் கிட்டார் வாசித்தவர் நரேஷ் காமத். தொடக்க காலத்தில் ஆனந்தராஜ் பெஞ்சமின் பால் என்பவர் பாடினார், பிறகு விலகினார். தொகுப்பு வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பே 'நட நட' என்ற ஒரே பாட்டின் படம் தொலைக்காட்சியில் ஓடி, கல்லூரிப் பிள்ளைகளிடையே பேர் வாங்கிவிட்டது. முழுத் தொகுப்பு 2008 இல் மும்பையின் ஃபாட் ஃபிஷ் நிறுவனம் வழி வெளிவந்தது. எட்டே பாட்டு. அந்த எட்டையும் வைத்துக்கொண்டு அவர்கள் நாடு முழுக்க மேடை ஏறினார்கள். மலையாளம் ஒரு சொல்லும் தெரியாத ஊர்களிலும் கூட்டம் சேர்ந்து பாடியது.

அவியல் என்ற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. நாஞ்சில் நாட்டாரும் பாலக்காட்டாரும் அது எங்கள் வீட்டுக் கறி என்று சண்டை போடுவதுண்டு. தயிர் விடலாமா, மாங்காய் போதுமா என்பதில் என் வீட்டிலேயே இரண்டு கட்சி. பல காயையும் ஒரே பானையில் போட்டாலும் ஒவ்வொரு காயும் தனியாகத் தெரிய வேண்டும், குழையக்கூடாது என்பதுதான் அந்தக் கறியின் இலக்கணம். தொகுப்பு அந்த இலக்கணத்துக்கு நின்றதா என்று பின்னால் பார்ப்போம்.

மொழி என்ற துணிச்சல்

கேரளத்தில் ராக் இசை புதிதல்ல. கொச்சியில் '13 ஏடி' என்ற குழு 1980களிலும் 90களிலும் பேர் பெற்றிருந்தது. 'மதர்ஜேன்' பின்னர் வந்தது. இவர்கள் பாடியது ஆங்கிலத்தில். நல்ல வாசிப்புத்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாய் ஒரு ஊரிலும் விரல் ஒரு ஊரிலும் இருந்தது போல ஒரு தோற்றம். ராக் என்றாலே ஆங்கிலம் என்ற எண்ணம் அன்று எல்லாருக்கும் இருந்தது, கேட்பவனுக்கும் இருந்தது. தாய்மொழியில் பாடினால் சினிமாப் பாட்டு ஆகிவிடும் என்று பயந்தார்கள்.

'அவியல்' பையன்கள் செய்த காரியம் கேட்பதற்கு எளிது. கிட்டாரை மாற்றவில்லை, சத்தத்தைக் குறைக்கவில்லை. வார்த்தையை மட்டும் வீட்டிலிருந்து எடுத்தார்கள். அதிலும் ஒரு தெரிவு உண்டு. அந்நாளைய மலையாளச் சினிமாப் பாட்டின் வடமொழி மணம் கொண்ட, பூவும் நிலாவும் சந்தனமுமான சொல்நடையை அவர்கள் தொடவில்லை. பி. பி. கிரீஷ் முதலியோர் எழுதிய வரிகளும் சரி, பழம்பாட்டு நடையில் அமைந்தவையும் சரி, மண்ணில் கிடக்கும் குறுஞ்சொற்களால் ஆனவை. ஒரசைச் சொல், ஈரசைச் சொல். டிரம்ஸ் அடிக்குக் குறுஞ்சொல் பொருந்துவது போல் நெடுஞ்சொல் பொருந்தாது. நம் ஏர்ப்பாட்டும் ஏற்றப்பாட்டும் ஏன் அப்படி இருக்கின்றன என்று யோசித்தால் இது விளங்கும். மூச்சு வாங்கிக்கொண்டே பாடும் பாட்டில் சமாசத்துக்கு இடம் ஏது?

இதன் விளைவு ஒன்றை நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும். தொகுப்பிலுள்ள பாட்டுத் தலைப்புகளைப் படியுங்கள்: 'நட நட', 'எட்டாம் பாட்டு', 'ஆடு பாம்பே'. இவற்றைத் தேனிப் பக்கத்து ஐந்தாம் வகுப்புப் பிள்ளையிடம் வாசித்தால் மொழிபெயர்ப்பு கேட்குமா? 'ஞான் ஆரா' என்பதை நான் யார் என்று கண்டுகொள்ள எவ்வளவு நேரம் ஆகும்? மலையாளம் தன் பழைய வீட்டு வாசலுக்குப் போனால் அங்கே தமிழும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும். மொழிநூலார் இதைச் சூத்திரமாகச் சொல்லுவர். ராக் பாடின பையன்களுக்கு அந்தச் சூத்திரம் தெரிந்திருக்க அவசியமில்லை. தாளம் அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது.

எல்லையில் பிறந்த நமக்கு இது வெறும் சுவாரசியம் அல்ல. சித்தூர் வட்டம் கொச்சி இராச்சியத்தில் இருந்தது. பாலக்காடு சென்னை மாகாணத்து மலபாரில் இருந்தது. தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூரில் இருந்து, 1956 நவம்பர் 1 இல் எந்தப் பக்கம் போகும் என்ற பெரும் போராட்டத்துக்குப் பின் கேரளத்தோடு நின்றன. அன்றிலிருந்து நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் ஒரு மொழி, அலுவலகத்தில் ஒரு மொழி. 'நீ தமிழனா மலையாளியா' என்ற கேள்வியோடு வளர்கிற பையனுக்கு, இரண்டுக்கும் பொதுவான சொற்களால் கட்டிய ஒரு பாட்டு வருவது என்னவோ செய்யும். அன்று ஜீப்பில் என் மருமகன் முகத்தில் அதைப் பார்த்தேன்.

ஆடு பாம்பே

இப்போது அந்த வாக்குவாதத்துக்கு வருகிறேன். பாட்டின் மூலம் ஸ்ரீ நாராயண குருவின் 'குண்டலினிப் பாட்டு'. 1888 இல் அருவிப்புறத்தில் சிவலிங்கத்தைத் தாமே நிறுவி, கோயில் பற்றிய சாதிக் கணக்கையே மாற்றிய அதே குரு. 1928 இல் மறைந்தார். அவர் தமிழ் நன்கு கற்றவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. தேவாரப் பதிக முறையில் தமிழிலேயே பாடியுள்ளார். திருக்குறளில் ஒரு பகுதியையும் 'ஒழிவில் ஒடுக்க'த்தையும் மலையாளத்தில் ஆக்கியுள்ளார். அவருக்கு யோகம் பயிற்றுவித்த தைக்காடு அய்யாவு சுவாமிகள் தமிழர். குமரி மாவட்டத்து மருந்துவாழ் மலையில் குரு தவம் இருந்த இடத்தை இன்றும் காட்டுகிறார்கள்.

'குண்டலினிப் பாட்டு' பாம்பாட்டிச் சித்தர் பாடலின் வார்ப்பில் அமைந்தது. முடிப்பு அதே, பாம்பு என்பது உடலுக்குள் சுருண்டு கிடக்கும் குண்டலினி என்னும் குறிப்பும் அதே. சொற்களும் அருள், கூத்து, திங்கள், கொன்றை என்று தமிழ்ச் சைவத் தோட்டத்திலிருந்து பறித்தவை. நான் தமிழ் என்றதும், பையன் மலையாளம் என்றதும் இதனால்தான்.

ஆனால் குரு வெறுமனே பெயர்த்தவர் அல்லர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சித்தர் பாடலில் ஒரு வீரியம் உண்டு, கூடவே ஒரு தருக்கும் உண்டு. மலையைத் துரும்பாக்குவோம், கடலைக் குடிப்போம் என்னும் போக்கில் சித்தியின் வல்லமை பேசும். பெண்ணுடலை இகழும் பகுதியும் உண்டு. வகுப்பில் பெண் பிள்ளைகள் முன்னால் அதைப் பாடம் சொல்ல நேரும்போது நான் பக்கத்தைப் புரட்டியிருக்கிறேன். குரு அந்த இகழ்ச்சியை அடியோடு விட்டுவிட்டார். தருக்கும் இல்லை. ஈசன் ஆட்டத்தைக் கண்டு நீயும் ஆடு என்று பாம்பிடம் சொல்லும் ஒரு மகிழ்ச்சி மட்டும் மிஞ்சுகிறது. சித்தரிடமிருந்து தாளத்தையும் உவமையையும் வாங்கிக்கொண்டு, வேண்டாததைக் கழித்திருக்கிறார். நல்ல மாணவன் ஆசிரியரிடம் பாடம் வாங்கும் முறை இதுதான்.

இதைப் பையன்கள் ராக் ஆக்கியது பொருத்தமா? மடத்தில் மாலை வேளையில் பாடும் பாட்டை மேடையில் அலற விட்டார்களே என்று குருபக்தர் யாரேனும் வருந்தியிருக்கலாம். என் அபிப்பிராயம் வேறு. குண்டலினி பாட்டு என்பது ஆட்டப் பாட்டு. ஒரே பல்லவி திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு சுற்றிலும் வேகம் ஏறினால்தான் அதற்குப் பொருள். பஜனை மடத்தில் நாற்பது பேர் சேர்ந்து கைத்தாளம் தட்டிப் பாடும்போது ஏற்படும் ஒரு கிறுகிறுப்பு இருக்கிறதே, அதை ரெக்ஸ் விஜயனின் கிட்டார் சரியாகப் பிடித்திருக்கிறது. குரல் ஏறக்குறைய ஒரே சுருதியில் நிற்கிறது. சங்கதி இல்லை, பிருகா இல்லை. சுற்றிலும் கிட்டார்தான் நெளிகிறது. மகுடியும் பாம்பும் போல என்று சொல்லத் தோன்றுகிறது. தொகுப்பில் வார்த்தையும் இசையும் ஒன்றையொன்று உண்மையிலேயே வேண்டி நிற்பது இந்தப் பாட்டில்தான்.

இனி நம் ஊர்க் கணக்கு. பாம்பாட்டிச் சித்தர் குகை எங்கே இருக்கிறது? கோவைக்கு மேற்கே, மருதமலையில். வாளையாறு, வேலந்தாவளம் பக்கத்துக் குடும்பங்கள் தைப்பூசத்துக்கும் கிருத்திகைக்கும் போய்வரும் மலை. நானே பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தக் குகைக்குப் படி இறங்கியிருக்கிறேன். நம் கணவாய் வாசலில் இருக்கும் குகையின் பாட்டு, தெற்கே திருவிதாங்கூருக்குப் போய், குருவின் கையில் மலையாளமாகி, திருவனந்தபுரத்துப் பையன்கள் கையில் ராக் ஆகி, மும்பையில் தட்டாகி, சின்னாற்றுச் சாலையில் ஒரு ஜீப்பில் என்னிடம் வந்து சேர்ந்தது. மருதமலைப் படியில் கடை போட்டிருப்பவர்கள் அதுவரை எனக்கு விற்றதெல்லாம் சினிமா மெட்டில் முருகன் பாட்டுகள்.

குறைகள்

வெற்றி பெற்ற தொகுப்பு என்பதால் எல்லாம் நிறை என்று எழுதினால் அது விமரிசனம் ஆகாது, வாழ்த்துமடல் ஆகும்.

முதற்குறை, வார்த்தை அமுங்குவது. குறுஞ்சொல்லைத் தேர்ந்தார்கள் என்று மேலே புகழ்ந்தேன். பல இடங்களில் அந்தச் சொல்லையே இன்னொரு டிரம்ஸாக மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். மழைமேகத்தைப் பாடும் 'கறுகற'வில் கார்முகில் என்று அழகான சொல் வருகிறது. சத்தத்தில் அது நனைந்து போகிறது. அவியலில் காய் தனியாகத் தெரிய வேண்டும் என்றேனே, இங்கே குழைந்துவிட்டது. 'நட நட'வில் இந்தத் தொல்லை இல்லை. அந்தப் பாட்டுக்கு வேண்டியது நடைதான், அது இருக்கிறது. நடுவில் உள்ள ஒன்றிரண்டு பாட்டுகள் என் நினைவில் தங்கவே இல்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வயதான காது என்றும் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கொஞ்சம் கனமானது. 'செக்கெலே' என்றொரு பாட்டு. நாட்டுப்பாடல் நடையில் அமைந்தது. மெல்ல, இருட்டில் யாரோ முனகுவது போலத் தொடங்கிக் கனத்துக்கொண்டே போகும். ஜீப்பில் அதுவரை கண்ணை மூடியிருந்த அம்மா அந்தப் பாட்டுக்கு எழுந்து உட்கார்ந்தாள். "என்னடா இது, ஒப்பாரியா? யாரு செத்தது?" என்று கேட்டாள். எங்களுக்குச் சிரிப்பு. அவள் சிரிக்கவில்லை. "எங்க லயத்துல கிழவி ஒருத்தி இப்படித்தான் இழுப்பா" என்றாள். பிறகு, "இது யாரு பாட்டு?" என்றாள். பையன் குழுவின் பெயரைச் சொன்னான். "அது இல்லடா. இவங்க பாடுறாங்க. பாட்டு யாரோடது?"

அதற்குப் பதில் எங்களிடம் இல்லை. வேலை செய்தவர்களின் பாட்டு மேடைக்கு வரும்போது 'நாட்டுப்பாடல்' என்ற ஒற்றைச் சொல்லில் பாடினவள் மறைந்து போகிறாள். இது இந்தக் குழுவின் குற்றம் மட்டும் அல்ல, நம் சினிமாவும் வானொலியும் நாட்டுப்புறவியல் தொகுப்புகள் பலவும் செய்துவந்ததே. ஆயினும் வேறு வழி இருந்தது என்பதைப் பிற்காலம் காட்டியது. 2020 இல் வந்த 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் அட்டப்பாடியின் இருளர் பெண்மணி நஞ்சியம்மா தம் பாட்டைத் தாமே பாடினார். ஜேக்ஸ் பிஜோய் இசை; ஆனால் குரலும் பேரும் முகமும் நஞ்சியம்மாவுடையவை. 2022 இல் அறிவிக்கப்பட்ட தேசிய விருதில் சிறந்த பின்னணிப் பாடகி அவரே. இருளர் மொழி தமிழுக்கு எவ்வளவு நெருக்கம் என்பது அட்டப்பாடிச் சந்தைக்குப் போய்வந்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பாட்டை எங்கள் பக்கத்தில் அகராதி இல்லாமலே கேட்டார்கள்.

நம்மிடம் இருந்த குழு

இந்தத் தொகுப்பை இங்கே சிலரிடம் பாராட்டிப் பேசும்போது, "மலையாளத்தான் செய்வான் சார், நம்மால ஆகுமா?" என்று பெருமூச்சு விடுகிறார்கள். இந்தப் பெருமூச்சு எனக்குப் பிடிப்பதில்லை. வரலாறு தெரியாத பெருமூச்சு அது.

1958 இல் தேவிகுளத்தில் இடைத்தேர்தல். 1957 இல் அமைந்த இ.எம்.எஸ். அமைச்சரவைக்கு மயிரிழைப் பெரும்பான்மை. கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். வாக்காளர்களில் பெரும்பகுதி தேயிலைத் தோட்டத் தமிழர்கள். மலைக்குக் கீழே தேனிப் பக்கம் பண்ணைபுரத்திலிருந்து ஏறி வந்தார் பாவலர் வரதராஜன். லயம் லயமாகப் பாடினார். காங்கிரஸின் இரட்டைக் காளைச் சின்னத்தைக் கேலி செய்து அவர் கட்டிய பாட்டு மலையெங்கும் பரவியது. ரோசம்மா வென்றார். அந்த வெற்றியில் பாவலர் பாட்டுக்கு உள்ள பங்கை இ.எம்.எஸ்.ஸே பாராட்டினார் என்பர். பின்னாளில் தம்பிமார் சேர்ந்து பாவலர் சகோதரர்கள் என்ற குழுவாக ஊர் ஊராகப் பாடினார்கள். அத்தம்பிகளில் ஒருவர்தான் இளையராஜா.

இளைஞர்கள், சொந்த வார்த்தை, நாட்டு மெட்டு, மேடை, கூட்டம். குழு என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? நம் ஏலக்காட்டிலும் தேயிலைக் காட்டிலும் ஒரு குழு பாடி ஓர் அரசைக் காப்பாற்ற உதவியிருக்கிறது. ஆனால் அந்த மலைப்பாட்டுகளுக்கு ஒரு தொகுப்பு இல்லை. ஒலிநாடா எடுத்துவைக்க யாருக்கும் தோன்றவில்லை. கிழவர்கள் வாயில் துண்டு துண்டாகக் கிடந்து, அந்தக் கிழவர்களும் போய்விட்டார்கள். மலை இறங்கிய இசை சென்னை போய்ச் சினிமா ஆனது. அதேபோல் எலப்புள்ளியில் பிறந்த எம்.எஸ். விஸ்வநாதனும் கணவாய் தாண்டித்தான் மெல்லிசை மன்னர் ஆனார். இங்கே பிறந்த இசை இங்கேயே நின்று பேர் வாங்கியதில்லை என்பது நம் எல்லையின் வழக்கமாகிப் போயிற்று.

2015 செப்டம்பரில் மூணாற்றில் பெண்கள் தெருவில் உட்கார்ந்தார்களே, 'பெண்பிள்ளை ஒருமை' என்று, அதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். 20 விழுக்காடு போனஸை 10 ஆகக் குறைத்ததை எதிர்த்துக் கொழுந்து எடுக்கும் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களையும் தள்ளி வைத்துவிட்டு நடத்திய போராட்டம். 20 விழுக்காட்டை வாங்கியே எழுந்தார்கள். அக்காவைப் பார்க்கப் போயிருந்த நான் கூட்டத்து ஓரத்தில் நின்று கேட்டேன். தமிழில் கோஷம். ஒருத்தி எடுக்க, மற்றவர்கள் வாங்க, எதுகையும் மோனையும் தானாக வந்து விழுந்தன. யாப்பிலக்கணம் நடத்தினவன் சொல்கிறேன், தட்டிய தாளம் ஓரிடத்திலும் பிசகவில்லை. 'அவியல்' எங்கே தேடிப் போய் எடுத்ததோ அந்தச் சரக்கு நடுத்தெருவில் குவிந்து கிடந்தது. சென்னையில் 2018 ஜனவரியில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற குழு கானாப் பாட்டையும் கிட்டாரையும் சேர்த்து மேடை ஏறியபோது, மூணாற்றுக் கோஷம்தான் என் நினைவுக்கு வந்தது.

பள்ளிக்கூடங்களிலும் நாம் பிள்ளைகளுக்கு என்ன கொடுத்தோம்? கேரளப் பள்ளிக் கலைவிழாவில் தமிழ்ச் செய்யுள் ஒப்பித்தல் உண்டு. 2025 ஜனவரியில் நடந்த மாநில விழாவில் மறையூர்ப் பக்கத்து மலைப்புலையர் ஆட்டத்தையும் குமுளிப் பக்கத்துப் பளியர் நடனத்தையும் அட்டப்பாடி இருளர் நடனத்தையும் போட்டியாகச் சேர்த்தார்கள். நல்ல காரியம். ஆனால் ஆண்டு விழா என்று வந்தால் நம் தமிழ்வழிப் பிரிவுகளில் சினிமாப் பாட்டுக்கு ஆடுவதுதான் வழக்கம். நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், 2010 வாக்கில், பத்தாம் வகுப்புப் பையன்கள் நாலு பேர் பிளாஸ்டிக் வாளியும் கடன் வாங்கிய கிட்டாரும் வைத்துக்கொண்டு 'ஆடு பாம்பே' பயின்றார்கள். விழாக் குழுவில் ஒருவர், இது மலையாளப் பாட்டு, தமிழ்ப் பிரிவு நிகழ்ச்சியில் கூடாது என்றார். இன்னொருவர், இது சத்தம், எந்தப் பிரிவிலும் கூடாது என்றார். எழுந்து நின்று, ஐயா இது மருதமலைப் பாட்டு என்று சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. ஓய்வுக்கு நாலு வருஷம் பாக்கி இருந்தது, வம்பு எதற்கு என்று இருந்துவிட்டேன். பையன்கள் கடைசியில் ஒரு சினிமாப் பாட்டுக்கு ஆடினார்கள். மூன்றாம் பரிசு கிடைத்தது.

குழுவின் பிற்காலம் பற்றிச் சுருக்கமாக. 2011 இல் 'சால்ட் அண்ட் பெப்பர்' படத்தில் அவர்களின் 'ஆனக்கள்ளன்' வந்தது. ரெக்ஸ் விஜயன் திரையிசைக்குப் போய் நல்ல பெயர் எடுத்தார். முதல் தொகுப்புக்குப் பின் இரண்டாவது முழுத் தொகுப்பு வரும் வரும் என்று ஆண்டுகள் ஓடின. ஆனால் அவர்கள் திறந்த வழியில் மற்றவர்கள் நடந்தார்கள். 'தைக்குடம் பிரிட்ஜ்' குழுவின் 'நவரசம்' 2015 இல் வந்தது. பெங்களூரின் 'அகம்' குழுவில் பாடும் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் நம் பாலக்காட்டு மாவட்டத்து ஷொர்ணூர்க்காரர். அவர் வழி கர்நாடக சங்கீத வழி, அது வேறு கட்டுரைக்கு உரியது.

அம்மாவை மறந்துவிட்டேன். ஊரடங்குக் காலத்தில் அவள் மூணாற்றில் அக்காவிடம் இருந்தாள். மருமகனுக்கு வேலை வீட்டிலிருந்தே. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "மாமா, பாட்டி பாடுறதைக் கைப்பேசியில் பிடிச்சிட்டிருக்கேன்" என்றான். தாலாட்டு, கொழுந்துப் பாட்டு, கங்காணியை வைது பாடினது, மழை நிற்கச் சொல்லிப் பாடினது. அவள் முதலில் மறுத்தாளாம். "இதைப் போய் யாருடா கேப்பா?" என்றாளாம். பிறகு ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டாள். ஒவ்வொரு பாட்டுக்கு முன்னாலும் அதை யாரிடம் கேட்டாள் என்று அவளே சொல்வாள், அதை வெட்டக்கூடாது. அப்படியே செய்திருக்கிறான். எந்த எஸ்டேட், எந்த லயம், யார் மகள், எந்த வருஷத்து மழை என்று பாட்டைவிட நீளமாகச் சில இடங்களில் பேசுகிறாள்.

மொத்தம் 11 பாட்டு சேர்ந்தது. இரண்டில் குக்கர் விசில் கேட்கிறது. பன்னிரண்டாவது பாதியில் நிற்கிறது. அடுத்த அடி நாளைக்கு ஞாபகம் வரும் என்கிறாள். அதற்கு இரண்டு வருஷம் கழித்து அவள் போய்ச் சேர்ந்தாள். மருமகனும் அவன் நண்பர்கள் மூவரும் இப்போது அந்தப் பதினொன்றில் ஒன்றுக்கு, கங்காணிப் பாட்டுக்கு, கிட்டார் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அம்மா பேசுவதை முன்னால் அப்படியே வைத்திருக்கிறார்கள். எனக்கு அனுப்பினான். கிட்டார் கொஞ்சம் அதிகம், வார்த்தை அமுங்குகிறது என்று சொல்லியிருக்கிறேன்.